கண்ணீர் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும்!

போர் முனையில் சிக்கிய மகனை மீட்டுத் தாருங்கள் என்று ஒரு தாய் அரசு அலுவலக வாசலில் வந்து நிற்கிறாள். அங்கே அவளிடம் முதலில் என்ன கேட்பார்கள் தெரியுமா?

“பையனோட பாஸ்போர்ட் நம்பர் என்னம்மா?”

பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று துடிக்கும் தாயிடம் இப்படியா கேட்பது என்று நமக்குக் கோபம் வரும். ஆனால் அந்த நம்பர் இல்லாமல் எந்தத் தூதரகத்தாலும் அவனைத் தேட முடியாது. ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். ஒரே நம்பரில் ஒருவன்தான் இருப்பான்.

அடியேன் ரெயில்வேயில் குமாஸ்தா. படிவத்தில் வயது எழுதாமல் நீட்டுகிறவரைத் திருப்பி அனுப்புவது என் அன்றாட வேலை. ரெயில் டிக்கெட்டுக்கே இப்படி என்றால், குண்டு விழும் இடத்திலிருந்து ஒரு மனிதனை மீட்க எத்தனை விவரம் வேண்டும்? நமது திருவனந்தபுரத்துக் கடற்கரைக் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

அஞ்சுதெங்கும் பொழியூரும்

நமது மாவட்டக் கடற்கரையில் வடக்கே அஞ்சுதெங்கு, தெற்கே பொழியூர். பொழியூரைத் தாண்டிக் கால் வைத்தால் நீரோடி, அதாவது கன்னியாகுமரி மாவட்டம். எல்லைக்கோடு நிலத்தில்தான் உண்டு. கடலுக்குப் போகிறவர்களுக்கு அது தெரியாது. பொழியூர் கால்பந்து விளையாட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர் கட்டிய பழைய கோட்டை இன்றும் இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் கடல் கரையை அரித்துக்கொண்டே வருகிறது. வலையை நம்பிப் பிழைக்க முடியாது என்று இளைஞர்கள் வெளிநாட்டு வேலையைத் தேடுவதில் வியப்பில்லை.

2023-ம் ஆண்டின் கடைசியிலும் 2024-ம் ஆண்டின் தொடக்கத்திலும் இந்த இரு ஊர்களிலிருந்து சில இளைஞர்கள் ரஷியாவுக்குப் புறப்பட்டார்கள். காவலாளி வேலை, மாதம் 2 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைந்த சம்பளம் என்று ஏஜெண்டுகள் சொன்னார்கள். அதற்காகக் குடும்பங்கள் லட்சக்கணக்கில் பணம் கொடுத்தன.

மாஸ்கோவில் இறங்கியதும் கதை மாறியது. ரஷிய மொழியில் அச்சிட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொல்ல ஆள் இல்லை. பாஸ்போர்ட் கையை விட்டுப் போயிற்று. செல்போன் போயிற்று. சில வாரப் பயிற்சி. பிறகு கையில் துப்பாக்கியைக் கொடுத்து உக்ரைன் போர் முனைக்கு அனுப்பி விட்டார்கள்! காவலாளி வேலைக்குப் போனவர்கள் பட்டாளத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

2024 மார்ச் மாதம் அந்த இளைஞர்கள் காயம்பட்டுக் கிடக்கும் செய்தி செல்போன் வழியாக வீடுகளுக்கு வந்தது. குடும்பங்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடின. மத்திய வெளியுறவு இணை மந்திரியாக அப்போது இருந்த வி.முரளீதரனிடம் முறையிட்டன. பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் வேண்டுகோள் வெளிவந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் இருவர் ஊர் திரும்பினார்கள். உயிர் இருந்தது, உடம்பு பழையபடி இல்லை.

கையெழுத்துப் போட்ட காகிதம்

இதற்கிடையில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்து 2024 மார்ச்சில் பல நகரங்களில் சோதனை போட்டது. டெல்லி, மும்பையுடன் திருவனந்தபுரம், மதுரை, சென்னை ஆகிய ஊர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. மே மாதத்துக்குள் 4 பேரைக் கைது செய்திருப்பதாக சி.பி.ஐ. அறிவித்தது. அவர்களில் இருவர் திருவனந்தபுரத்துக்காரர்கள்; ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வலை விரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏழு கடல் தாண்டி இல்லை, நம் தெருக்கோடியில் இருந்திருக்கிறார்கள்!

2024 ஜூலையில் பிரதமர் மோடி மாஸ்கோ சென்றபோது அதிபர் புதினிடம் இந்தப் பிரச்சினையை எழுப்பினார். அதன் பிறகு பலர் விடுவிக்கப்பட்டனர். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் கொடுத்த கணக்கு இது: ரஷியப் படையில் சேர்ந்ததாகத் தெரியவந்த இந்தியர்கள் 126 பேர், திரும்பியவர்கள் 96 பேர், இறந்தவர்கள் 12 பேர், மிச்சம் இருந்த 18 பேரில் 16 பேர் இருக்கும் இடமே தெரியவில்லை.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் திருச்சூர் மாவட்டத்து இளைஞர். அவரை மீட்டுத் தரும்படி குடும்பத்தினர் மாதக்கணக்கில் கதவு கதவாகத் தட்டினார்கள். 2025 ஜனவரியில் வந்து சேர்ந்தது மரணச் செய்திதான். உதவி கேட்டால் எல்லோரும் திரும்பி விடுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு முறை ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்து விட்டால், அந்த நாட்டு அரசு சம்மதித்து விடுவித்தால்தான் உண்டு. வேண்டுகோள் நடையாய் நடக்கிறது. குண்டு பறந்து வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் ஆள் பிடிப்பது நிற்கவில்லை. 2025 நவம்பரில், 44 இந்தியர்கள் ரஷியப் படையில் இருப்பதாக வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது.

பாட்டியின் டிரங்குப் பெட்டி

வேண்டுகோள் பலித்த கதைகளும் உண்டு. ஒன்று எங்கள் வீட்டிலேயே நடந்தது.

என் சித்தப்பா குவைத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். 1990 ஆகஸ்டு 2-ந்தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அப்போது அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள். டெலிபோன் இல்லை, தபால் இல்லை. சாலைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பாட்டி இன்றைக்கும் சொல்வாள்.

தாத்தா அதிகம் படித்தவர் அல்ல. ஆனால் மகன் விமானம் ஏறும் முன் அவனுடைய பாஸ்போர்ட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்தார். ஒன்று மகனின் சட்டைப் பையில். ஒன்று பாட்டியின் டிரங்குப் பெட்டியில். பெட்டியில் இருந்ததை வைத்து டெல்லிக்குப் பதிவுத் தபாலில் மனு போட்டார். பெயர், தகப்பனார் பெயர், பாஸ்போர்ட் நம்பர், கடை இருக்கும் தெரு, முதலாளியின் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில்.

அங்கே சித்தப்பாவின் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. முதலாளி ஊரை விட்டே ஓடிவிட்டார். சித்தப்பா மற்றவர்களோடு பஸ் ஏறி பாக்தாத் போய், பாலைவனம் கடந்து ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, அம்மான் நகரம் வந்து சேர்ந்தார். இந்திய அதிகாரிகளிடம் அவர் நீட்டியது சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த அந்த ஜெராக்ஸ்தான். அதைப் பார்த்துப் பயணச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏர் இந்தியா அந்த முறை இரண்டு மாத காலத்தில் 488 விமானப் பயணங்கள் நடத்தி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு வந்தது. அதில் ஒருவர் என் சித்தப்பா. பம்பாயில் இறங்கி ஜெயந்தி ஜனதா ரெயிலில் தம்பானூர் ஸ்டேஷனுக்கு வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்ததாம்.

தாத்தாவின் மனுவால் வந்தாரா, தன் காலால் வந்தாரா? அது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ஜெராக்ஸ் இல்லாவிட்டால் கூடாரத்தில் இன்னும் எத்தனை நாள் கிடந்திருப்பாரோ!

46 பேர், ஒரே கட்டிடம்

2014-ல் ஈராக்கின் திக்ரித் நகரம் தீவிரவாதிகள் கையில் விழுந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த 46 இந்திய நர்சுகள் சிக்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய எல்லோருமே கேரளப் பெண்கள், ஒருவர் தூத்துக்குடிக்காரர். அவர்களிடம் செல்போன் இருந்தது. பெற்றோருக்கும், அப்போதைய முதல்-மந்திரி உம்மன் சாண்டிக்கும், தூதரகத்துக்கும் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். உம்மன் சாண்டி டெல்லி சென்று அன்றைய வெளியுறவு மந்திரி சுஷ்மா சுவராஜுடன் ஆலோசனை நடத்தினார். ஜூலை 3-ந்தேதி நர்சுகளை மொசூல் நகருக்குக் கொண்டு போனார்கள், 4-ந்தேதி விடுதலை, 5-ந்தேதி தனி விமானம் கொச்சியில் இறங்கியது.

மறைமுகமாக என்னென்ன பேச்சு நடந்தது என்பது வேறு விஷயம். ஆனால் எத்தனை பேர், யார் யார், எந்தக் கட்டிடத்தில் இருக்கிறார்கள் என்பது அரசுக்கு மணிக்கு மணி தெரிந்திருந்தது. அது பெரிய பலம்.

அதே ஆண்டு, அதே மொசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்களுடன் தொடர்பு அற்றுப்போயிற்று. அவர்கள் குடும்பங்கள் சுமார் நான்கு ஆண்டுகள் டெல்லிக்கு நடந்தன. 2018 மார்ச் 20-ந்தேதி, அவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டு விட்டதாக நாடாளுமன்றத்தில் சுஷ்மா சுவராஜ் அறிவித்தார். நர்சுகளின் பெற்றோர் விட்டதும் கண்ணீர்தான். இந்தக் குடும்பங்கள் விட்டதும் கண்ணீர்தான்.

எங்கே ஓட்டை?

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்கிறார் என்றால் அங்கேயே மணி அடிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை அதிகாரிகள் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் ரஷியா இல்லை. சுற்றுலா விசாவில் போகிறவரை எந்த அதிகாரியும் ‘எங்கே உன் வேலை ஒப்பந்தம்?’ என்று கேட்பதில்லை. ஏஜெண்டுகள் நுழைந்தது இந்த ஓட்டை வழியாகத்தான். பயணமே ரகசியம் என்றால், ஆபத்து வரும்போது அரசின் ஏட்டில் அந்தப் பிள்ளையின் பெயரே இருக்காது.

வீட்டில் வைக்க வேண்டியவை

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இவை இருக்கட்டும்: பாஸ்போர்ட், விசா நகல்கள், ஒப்பந்தத்தின் நகல், வேலை தருகிறவரின் பெயரும் விலாசமும், ஏஜெண்டின் பெயரும் பதிவு எண்ணும், பணம் கொடுத்த ரசீது, கூடப் போனவர்களின் வீட்டு போன் நம்பர், பிள்ளை கடைசியாகப் பேசிய தேதியும் இடமும்.

ரசீது தராத ஏஜெண்டுக்கு ரொக்கமாகப் பணம் கொடுக்க வேண்டாம். படிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

ஆபத்து என்று தெரிந்தால் எங்கே போவது? வெளிநாட்டு அரசோடு பேசும் அதிகாரம் மத்திய அரசுக்கே உண்டு. அதனால் மனு முதலில் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் போக வேண்டும். அமைச்சகத்தின் ‘மதத்’ என்ற இணையதளத்தில் புகாரைப் பதிந்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணைச் சொல்லித்தான் பிறகு எங்கும் விசாரிக்க முடியும். கேரள அரசின் நோர்க்கா அலுவலகம் நம் ரெயில் நிலையத்துக்கு அருகே தைக்காட்டிலேயே இருக்கிறது. பாஸ்போர்ட்டில் தமிழ்நாட்டு விலாசம் உள்ளவர்கள், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். தொகுதி எம்.பி.யையும் விட வேண்டாம். எல்லா மனுவிலும் விவரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றில் ஒரு தேதி, மற்றொன்றில் வேறு தேதி என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

பாட்டி கேட்ட கேள்வி

கடைசியாக ஒன்று. போன வருஷம் என் அத்தை மகனைத் தேடி ஓர் ஆசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐரோப்பாப் பக்கம் கிடங்கு வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம், ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும் என்று அடுக்கினார். அத்தை மகன் கண்ணில் ஆசை மின்னியது. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

85 வயதுப் பாட்டி திண்ணையில் இருந்தபடியே கேட்டாள்: “எந்த ஊரு, என்ன கம்பெனி, மொதலாளி பேரு என்ன? எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா மக்களே. பெட்டியில வச்சுக்கிடுதேன்.”

நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிப் போனார் அந்த ஆசாமி. இன்றுவரை வரவில்லை.

வாசகர்களே! உங்கள் வீட்டு வாசலுக்கும் ஒரு நாள் அப்படி ஒருவர் வரலாம். பிள்ளையை அனுப்பும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பிள்ளையை அனுப்பாதீர்கள்.