கொடைப் படமும் ஒரே கலர் சட்டையும்

போன மாதம் ஆபீஸ் கால் முடிந்ததும் இங்கிலாந்தில் இருக்கும் டீம்காரர் ஒருவரோடு கொஞ்ச நேரம் வெட்டிப் பேச்சு. அவர் ஊரில் தியேட்டர் கிடையாதாம். ஊர்ப் பொது மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுகிறார்கள். நாற்காலி போடுவது, டிக்கெட் கிழிப்பது, டீ ஊற்றுவது, கடைசியில் கூட்டிப் பெருக்குவது எல்லாம் ஊர்க்காரர்களே, சம்பளமில்லாமல். அன்றைக்கு வாசலில் நிற்க வேண்டிய முறை இவருடையது. கடல் சம்பந்தப்பட்ட படம் என்பதால் எல்லோரும் வேஷம் போட்டு வரவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இவர் மாலுமித் தொப்பியும் கோடு போட்ட பனியனுமாக நின்ற போட்டோவைக் காட்டினார்.

"இதுக்கு எங்க ஊர்ல பேரு கொடைப் படம்" என்றேன். "அப்படியா, நீங்களும் வேஷம் போடுவீர்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். ஒரு சட்டை ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சட்டையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அதற்கு முன்னால் கொடைப் படம் என்றால் என்ன என்று, தெற்கத்தி ஆட்கள் அல்லாதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

எனக்குச் சிவகிரி. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோட்டில், மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கிறது. 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். இந்தப் பக்கம் அம்மன் கோயிலுக்கும் சுடலைமாடன் மாதிரியான சாமிகளுக்கும் எடுக்கிற விழாவுக்குக் கொடை என்று பெயர். அதற்குத் தலைக்கட்டு வரி உண்டு. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி வசூலிப்பார்கள். அந்த வரிப்பணத்தில்தான் மேளம், வில்லுப்பாட்டு, சீரியல் லைட், கடைசியில் ஒரு ராத்திரி சினிமா. ஆக, டிக்கெட் இல்லாத படம் என்றாலும் அது இலவசம் கிடையாது. எல்லோரும் முன்கூட்டியே காசு கொடுத்த படம். "எங்க வரியில ஓடுது" என்று யாராவது ஒருத்தர் கண்டிப்பாகச் சொல்வார்.

நான் பேசுவது 1990-களின் தொடக்கம். டிவி டெக் வாடகைக்கு வந்துவிட்ட காலம்தான், ஆனால் கொடைக்குத் திரை கட்டினால்தான் மரியாதை. வந்தது 16 எம்.எம். மிஷின். அதன் கணக்கு எனக்கு இப்போதும் பிடிக்கும். ஒரு நொடிக்கு 24 பிரேம், ஒரு நிமிஷத்துக்கு 36 அடி பிலிம். பெரிய ரீல் 1600 அடி, அதாவது 44 நிமிஷம் சொச்சம். இரண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கு நாலு ரீல் வேண்டும். ஒரே மிஷின் என்பதால் ஒவ்வொரு ரீலுக்கும் நிறுத்தி மாற்ற வேண்டும், எனவே மூன்று இடைவேளை. டூரிங் டாக்கீஸில் பல இடைவேளை விட்ட கதை பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காரணம் அதேதான்: முறுக்கு விற்பது இரண்டாம் பட்சம், மிஷின் ஒன்றே ஒன்று. (அந்த டூரிங் பரம்பரையின் முதல் ஆள் சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் திருச்சியில் புரொஜக்டரை வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

இந்த மூன்று இடைவேளையும் தொண்டர்களின் நேரம். மைக்கில் நன்கொடை கொடுத்தவர்கள் பெயர், காணாமல் போன பிள்ளையின் பெயர், "பந்தக்கால் மேல ஏறாதீங்கப்பா" எல்லாம் அப்போதுதான். திரை கட்டுவதும் அவர்கள் வேலை. இரண்டு கம்பு நட்டு, நீலம் போட்டு வெளுத்த வேட்டிகளைத் தைத்துக் கட்டுவார்கள். கீழ்முனையில் கல் கட்டாவிட்டால் மலைக்காற்றில் கதாநாயகிக்குக் கன்னம் உப்பிவிடும்.

வேட்டித் துணியில் ஒரு விசேஷம் உண்டு. சுவரில் விழும் வெளிச்சம் எல்லாம் நம் பக்கமே திரும்பும். துணி அப்படி இல்லை, இழைகளுக்கு நடுவே பாதி ஊடுருவிப் போகும். அதனால் திரைக்குப் பின்னாலும் படம் தெரியும். கொஞ்சம் மங்கலாக, இடம் வலம் மாறி. டைட்டில் எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும், கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவான். மற்றபடி கதை ஒன்றுதான். எங்கள் ஊரில் எப்போதும் இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்திருந்தார்கள்.

இனிச் சட்டைக்கு வருகிறேன்.

கொடை வேலை பார்க்கிற இளவட்டங்கள் ஒரே கலரில் சட்டை தைத்துப் போடுவது தெற்கே வழக்கம். இன்றைக்கும் பார்க்கலாம், இப்போது டி-சர்ட்டில் படம் அச்சடித்து வருகிறது. அப்போது ஒரு கடையில் துணியை மொத்தமாக எடுத்து, ஒரே டெய்லரிடம் கொடுத்து, சட்டைப்பையில் குஞ்சம் வைத்த பேட்ஜைக் குத்திக்கொள்வார்கள். உபயோகம் இருக்கத்தான் செய்கிறது. ஆயிரம் பேர் கூட்டத்தில் யாரிடம் தண்ணீர் கேட்பது, யார் சொன்னால் நகர வேண்டும் என்பது தூரத்திலிருந்தே தெரியும். என் மாமா குழுவில் இருந்தார். மிச்சத் துணியில் எனக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். கிளிப்பச்சை. பதினோரு வயசில் அதைப் போட்டுக்கொண்டு கயிறு பிடித்து நின்றபோது கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

இரண்டாம் ரீல் மாற்றும்போது திரைக்குப் பின்பக்கம் போனேன். என் கிளாஸ் பையன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தான். வேறு தெரு.

"எல, முன்னாடி வா. இடம் கெடக்கு."

"இங்கனயே நல்லாத்தான் தெரியுது. கத்தி மட்டும் இடது கையில இருக்கு."

திரும்பவும் கூப்பிட்டேன். அவன் என் சட்டையைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான். அவ்வளவுதான். பின்பக்கம் இருந்தவர்கள் எல்லோருமே வரி கேட்கப்படாத தெருக்காரர்கள் என்பது எனக்குப் புரிய இன்னும் நாலைந்து வருஷம் ஆனது. யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் அந்தக் கிளிப்பச்சை பார்த்துக்கொண்டது.

டீம்காரரின் மாலுமி பனியனுக்கும் என் சட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று அப்புறம் கொஞ்சம் தேடிப் படித்தேன். பிரிட்டனில் இந்த மாதிரி ஊர்ச் சினிமாக்களுக்கு 1946-லிருந்தே ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, இப்போது பெயர் சினிமா ஃபார் ஆல். வேஷம் போட்டுப் படம் பார்க்கும் பழக்கத்துக்கு எல்லோரும் கைகாட்டும் இடம் நியூயார்க். 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1975-இல் வந்து படுத்துவிட்டது. மறுவருஷம் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கதாபாத்திரங்களைப் போலவே உடுத்தி வர ஆரம்பித்தார்கள், திரையைப் பார்த்துப் பதில் கத்தினார்கள், பிறகு திரைக்கு முன்னால் நின்று கூடவே நடித்தார்கள். ஜப்பானில் இன்னும் சுவாரசியம். 1998-இல் 'முத்து' டோக்கியோவில் ஓடியது எல்லோருக்கும் தெரிந்த கதை. பின்னாளில் அங்கே இந்தியப் படங்களுக்கு 'மசாலா' காட்சி என்று ஒன்று உருவானது. சேலை, குர்தா உடுத்தி வந்து, காகிதத் துகள் வீசி, கஞ்சிரா மாதிரி ஒன்றைத் தட்டிப் பார்ப்பார்கள். முடிந்ததும் வீசிய காகிதத்தை வீசியவர்களே பொறுக்குவார்கள். (இந்தக் கடைசிப் பழக்கத்தை நாம் இறக்குமதி செய்தால் தேவலை.)

இந்த இடங்களில் எல்லாம் உடுப்பைக் கொடுப்பது படம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம், யாரிடமும் துணி பாக்கி இல்லையே என்று கேட்க வேண்டாம். என் சட்டையைக் கொடுத்தது தெரு. தைத்தவர் எண்ணிக்கை தெரிந்துதான் தைத்தார்.

நம்மிடம் படம் கொடுத்த உடுப்பே இல்லையா என்றால், இருந்தது. ரசிகர் மன்றம். சாரா டிக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் மதுரையில் தங்கி, மன்றங்களையும் சாதாரண ஜனங்கள் சினிமா பார்ப்பதையும் பற்றி 1993-இல் ஒரு புத்தகம் போட்டார். தோரணம் கட்டி, கட்-அவுட் தூக்கி, வரிசையை ஒழுங்குபடுத்தி, நடிகர் பிறந்தநாளுக்கு ரத்ததானம் செய்து கைக்காசைக் கரைத்த பையன்களை அவர் கேலி செய்யாமல் எழுதியிருக்கிறார். சம்பளமில்லாத சினிமாத் தொண்டு என்று கணக்கெடுத்தால் உலகத்திலேயே நாம்தான் முதலில் வருவோம் என்று எனக்கு ஒரு சந்தேகம். வசூல் போனது என்னவோ தியேட்டர்காரருக்கு. உடுப்பிலும் மன்றத்துக்காரர்கள் சளைத்தவர்கள் அல்ல. 1995-இல் 'பாட்ஷா' வந்தபோது ஆட்டோக்காரர்களுக்குத் தனியாக வேஷமே தேவைப்படவில்லை, தினமும் போடும் காக்கிச் சட்டையே தலைவர் சட்டை ஆகிவிட்டது. அந்த காக்கியில் தெரு கிடையாது. அதற்காக மன்றத்துக்குள் சாதி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எந்தெந்த நடிகரை எந்தெந்தத் தெரு சொந்தம் கொண்டாடியது என்று தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் பச்சைச் சட்டையைவிட அதில் ஓட்டை அதிகம், ஆள் நுழைய முடிந்தது.

சினிமாவுக்கு வெளியே பார்த்தால் இதைவிடப் பெரிய உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்செந்தூரை ஒட்டிய குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. வேண்டுதலுக்காகக் காளி, ராஜா, போலீஸ், குரங்கு, குறவன், கிழவி என்று என்ன வேஷம் வேண்டுமானாலும் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை பிரித்துக் கோயிலில் சேர்ப்பார்கள். நாலு கார் வைத்திருப்பவர் கையேந்தி நிற்பார், கூலி வேலைக்குப் போகிறவர் கிரீடம் வைத்திருப்பார். வேஷத்துக்குரிய மரியாதைதான், ஆளுக்கு இல்லை. ஆனால் அங்கேயும் ஆண்டுதோறும் காவல்துறை அறிவிப்பில் ஒரு வரி வருகிறது: சாதி அடையாளக் கொடி, ரிப்பன், உடையோடு வரக்கூடாது. வராத ஒன்றை யாரும் தடை செய்ய மாட்டார்கள்.

பள்ளிக்கூடம் வரை அது வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் நிறக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. பேப்பரில் அதைப் படித்தபோது எனக்குக் கிளிப்பச்சைதான் கண்ணில் நின்றது. கயிறு என்பது அந்தச் சட்டையில் மிஞ்சிய நூல்.

இந்த மே மாதம் ஊருக்குப் போனபோது நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன வேலை செய்தோம். ஆபீஸ் மீட்டிங்குக்கு வைப்பது போன்ற ஒரு புரொஜக்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு பள்ளிக்கூட வளாகம். படம் சாப்ளினின் 'தி கிட்', 1921-இல் வந்தது. அரசுப் பள்ளிகளில் 2022-இல் சிறார் படங்கள் போட ஆரம்பித்தபோதும் இதைத்தான் முதலில் போட்டார்கள். ஊமைப்படம் என்பதால் மொழிப் பிரச்சினை இல்லை. இடையில் வரும் எழுத்துகளைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் நின்றால் போதும். நூறு வருஷத்துக்கு முன்னால் நம் கொட்டகைகளிலும் அப்படித் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்லியிருக்கிறார், புது யோசனை ஒன்றும் இல்லை.

நான் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே கலர் சட்டை கூடாது. டி-சர்ட் ஸ்பான்சர் பண்ணத் தயாராக இருந்த ஒரு நல்ல மனுஷருக்கு இதில் வருத்தம். அதற்குப் பதில், வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் வாசலில் கண்மையால் சாப்ளின் மீசை. ஒரு டப்பா மை முப்பது நாற்பது முகத்துக்கு வருகிறது. பெண்பிள்ளைகள்தான் முதலில் ஓடிவந்தார்கள். இரண்டாவது, திரையை வெளியில் கம்பு நட்டுக் கட்டாமல் வெள்ளைச் சுவரிலேயே படத்தை விழவைத்தோம். காற்றுக்கு என்று மற்றவர்களிடம் சொன்னேன். சுவருக்குப் பின்பக்கம் கிடையாது.

என் பழைய கிளாஸ்மேட்டும் வந்திருந்தான். இப்போது புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வியாபாரம். மகளுக்கு மீசை வரைந்து உள்ளே அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றான். "உள்ள வாடே" என்றேன். "வண்டிய யாரு பாக்க?" என்றான். அவன் தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் மொத்தம் ஆறு பேர், எங்கள் தெருப் பிள்ளைகள் அறுபதுக்கு மேல். மீசை எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் பள்ளிக்கூடம் இருப்பது எங்கள் தெருவில். இதை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த படம் காலாண்டு லீவில். இரண்டு தெருவுக்கும் நடுவே நெல் காயப்போடுகிற களம் ஒன்று இருக்கிறது. அங்கே வைக்கலாம் என்று அவன்தான் சொன்னான். களத்தில் சுவர் இல்லை, கம்பு நட்டுத் துணிதான் கட்ட வேண்டும். பின்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி தைத்தால் வெளிச்சம் ஊடுருவாது, முன்பக்கப் படமும் துலக்கமாகத் தெரியும். பத்துக்கு ஆறு அடி என்றால் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டு அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். துணி அவன் எடுக்கிறானாம்.