காலுக்கு அளந்த கம்பளி

சென்ற ஆண்டு ஜனவரியில் அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கிலுள்ள கேலாங் நகரை அடைந்தோம். கடையில் இருந்தவற்றுள் மிகத் தடிமனான கம்பளிக் காலுறைகளையே வாங்கி அணிந்திருந்தோம். ஆயினும் பனியில் அரை மணி நேரம் நடப்பதற்குள் கால்விரல்கள் மரத்துப்போயின. நாங்கள் தங்கிய வீட்டின் மூதாட்டி பூட்ஸை வாங்கிப் பார்த்தார். "காலுறையில் குறையில்லை, உள்ளே அதற்கு இடந்தான் இல்லை" என்றார்.

அவர் சொன்னது உண்மை. கம்பளி இழைகளுக்கிடையே தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. இறுக்கமான பூட்ஸ் அக்காற்றை நசுக்குவதோடு, விரல்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. கடுங்குளிரில் அந்நிலை நீடித்தால் விரல்களின் தசையையே அழிக்கும் பனிக்கடி நேரிடலாம்.

லாஹௌல் பெண்கள் கையால் பின்னும் காலுறைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அம்மூதாட்டியும் பல்லாண்டுகளாகப் பின்னுபவர். எங்கள் காலுக்கேற்பப் பின்னித் தருமாறு வேண்டினோம். நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும் என்பதால் மாலை வரை காத்திருந்து, இரு கால்களையும் தனித்தனியே அளந்தார். பாத நீளம், விரல்களின் அடிப்பகுதிச் சுற்றளவு, கணுக்கால், கெண்டைக்கால், பூட்ஸின் உயரம் ஆகிய அனைத்தையும் குறித்துக்கொண்டார். பின்னல் இழுபடும் ஆதலால் சுற்றளவைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தார். பூட்ஸின் விளிம்பு காலில் உராயாதிருக்க, காலுறை அதற்கு மேல் இரண்டு அங்குலம் நீளவேண்டும் என்றார்.

பாதம் முழுவதும் வண்ணக் கோலங்கள் வேண்டுமென்று கேட்டோம். அவர் இசையவில்லை. பல நிற நூல்கள் பின்புறமாக ஓடும் இடத்தில் பின்னல் இரட்டைத் தடிமனாகிவிடுமாம். எனவே கோலம் கணுக்காலுக்கு மேல், பாதம் ஒரே நிறம் என்று முடிவாயிற்று. விரைவில் தேயும் குதிகாலிலும் விரல் நுனியிலும் கம்பளியோடு நைலான் இழையைச் சேர்ப்பதாகவும் கூறினார்.

பொருள் வந்தபின் பணம் தருகிறோம் என்றோம். அவர் ஒரு பெட்டியைத் திறந்து, அழகான இரண்டு இணைகளைக் காட்டினார். முன்பு யாரோ சொல்லிவிட்டுப்போய் வாங்காமல் விட்டவை. "ஒருவர் காலுக்கென்று பின்னியது இன்னொருவர் காலுக்குப் பொருந்துவதில்லை" என்றார். வெட்கமுற்றோம். பேரம் பேசாமல் பாதித் தொகையை அப்போதே அவரது வங்கிக் கணக்கில் செலுத்தினோம். கம்பளி வாங்கும் செலவை அவர் ஒருவரே சுமப்பது எவ்வகையில் நியாயம்?

மார்ச் மாதம் காலுறைகள் அஞ்சலில் வந்தன. மீதித் தொகையை அன்றே அனுப்பினோம். பின்னர் அக்காலுறைகளை அணிந்துகொண்டே கடைக்குச் சென்று, விரல்களைத் தாராளமாக அசைக்க இடமுள்ள புதிய பூட்ஸ் வாங்கினோம். வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கிவிடும். ஆதலால் குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல், நிழலில் பரப்பி உலர்த்துகிறோம்.

இவ்வாண்டுப் பனியில் இரண்டு மணி நேரம் நடந்தோம். விரல்கள் மரக்கவில்லை.