ஊருக்குள் வந்த கரடி

‘சிவபூஜையில் கரடி புகுந்தாற்போல’ என்பது நம் நாட்டுப் பழமொழி. வேண்டாத வேளையில் வேண்டாதவர் வந்து நின்றால் இப்படிச் சொல்லிச் சிரிப்போம். நீலகிரி மக்களுக்கோ இது வெறும் பழமொழியன்று. கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பகுதிகளில் கரடி இரவில் கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்தது, பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் கதவை உடைத்தது என்னும் செய்திகள் அண்மைக் காலத்தில் அடிக்கடி வருகின்றன. காட்டில் வாழவேண்டிய கரடி ஊருக்குள் வருவானேன்? தோழியரே, சற்றே ஆராய்வோமா?

முதலில் விருந்தாளியை அறிந்துகொள்வோம். நம் நாட்டுக் கரடிக்கு அடர்ந்த கரிய உரோமமும், மார்பில் வெண்ணிறக் கீற்றும், நீண்டு வளைந்த நகங்களும் உண்டு. கறையான் இதற்குப் பிரியமான உணவு. புற்றை நகத்தால் பிளந்து, உதடுகளைக் குழல்போல் குவித்துக் கறையானை உறிஞ்சும். இதற்கு வசதியாக மேல் தாடையின் நடுவில் இரண்டு முன்பற்கள் இல்லை! இயற்கையின் ஏற்பாடுதான் என்னே! எறும்பு, தேன், பழங்கள் ஆகியவையும் இதன் உணவே. தாய்க்கரடி தன் குட்டிகளை முதுகில் சுமந்து செல்லும் காட்சி காண்போர் நெஞ்சை அள்ளும்.

இதன் மோப்ப சக்தி மிகக் கூர்மையானது. பார்வையும் செவியும் அவ்வளவு கூர்மையல்ல. இங்கேதான் வருகிறது ஆபத்து. இரை தேடும் மும்முரத்தில், மனிதர் மிக அருகில் வந்த பின்னரே கரடி அவரை உணர்கிறது. திடுக்கிட்டுப் பாய்கிறது. மனிதரைத் தின்ன அது வருவதில்லை. அச்சமே அதன் சீற்றத்திற்குக் காரணம்.

மலைச்சரிவுகளில் காடுகள் தேயிலைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. தேயிலைப் புதர்கள் கரடிக்குப் பகலில் மறைவிடம் தருகின்றன. வீட்டுத் தோட்டத்தில் பழுத்த கொய்யாவும் பலாவும், வாசலில் கொட்டிய எச்சில் உணவும், எண்ணெய் வாசனையும் அதனை அழைக்கின்றன. நாள் முழுவதும் புற்றைத் தோண்டிப் பெறும் உணவு, ஒரு கதவைத் தள்ளினால் கிடைக்குமானால் கரடி எதைத் தேர்ந்தெடுக்கும்?

கரடியைக் கண்டதும் மக்கள் அஞ்சுவது இயல்பே. விடியலில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மாரின் அச்சத்தை யார் குறை கூற முடியும்? 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே ஒரு கரடி தாக்கியதில் மூவர் படுகாயமுற்றனர். மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அக்கரடியும் பின்னர் இறந்தது. இரு தரப்புக்கும் துயரமே மிஞ்சியது. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுவதும் உண்டு. ஆயினும், எச்சில் உணவு அதே இடத்தில் கிடக்குமானால் நாளை வேறொரு கரடி வராது என்பது என்ன நிச்சயம்?

அமெரிக்காவிலும் இதே சிக்கல் எழுந்துள்ளது. அங்குள்ள ‘கிரிஸ்லி’ எனும் பெருங்கரடி வேட்டையால் அருகிப்போய், 1975இல் சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. அப்போது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் 150க்கும் குறைவாக இருந்தவை இன்று 1,000 அளவிற்குப் பெருகியுள்ளன. நெடுங்காலம் தலைகாட்டாத மான்டானா புல்வெளிகளிலும் அவை மீண்டும் நடமாடுகின்றன. சிலர் மகிழ்கின்றனர், கால்நடை வளர்ப்போர் கலங்குகின்றனர். கரடி திறக்கவியலாத குப்பைத் தொட்டிகளும், பண்ணைகளைச் சுற்றி மின்வேலிகளும் அங்கே பயனளித்து வருகின்றன.

“மறைமலை நகரில் இருக்கும் நமக்குக் கரடியால் என்ன?” என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை கடந்து சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஊரே நடுங்கியது. ஆனால் முதலைகள் இங்குள்ள நீர்நிலைகளில் வாழ்பவை என்றும், மனிதரைக் கண்டால் விலகிச் செல்பவை என்றும் அரசு அதிகாரிகள் விளக்கினர். ஏரிக்கரை வரை வீடு கட்டிக் குடியேறியவர்கள் நாம். முதலையை ‘ஊருக்குள் வந்தது’ என்கிறோம்!

ஆகவே, காட்டோரப் பயணங்களில் தனித்துச் செல்லாது, பேசிக்கொண்டே கூட்டமாகச் செல்வோம். இருளில் விளக்கேந்திச் செல்வோம். உணவுக் கழிவைத் திறந்த வெளியில் கொட்டாதிருப்போம். விலங்கைக் கண்டால் கல்லெறியாமலும், படம் எடுக்க நெருங்காமலும், வனத்துறைக்கு அறிவிப்போம். அடுத்தமுறை வண்டலூர் உயிரியல் பூங்காவில் கரடியின் முன் நிற்கும்போது, அதன் நீண்ட நகங்களைக் கண்டு அஞ்சுவதோடு நில்லாமல், அவை தோண்டவேண்டிய புற்றுகள் எங்கே போயின என்றும் எண்ணிப் பார்ப்போமாக!