தில்லிக் காட்டில் நரியின் மனை

தில்லியில் நரி ஏது என்று வினவுவோர், முனிர்க்காவிலும் வசந்த குஞ்சிலும் குடியிருக்கும் நம் அன்பர்களைக் கேட்கலாம். சஞ்சய் வனத்தை ஒட்டிய பகுதிகளில் இரவில் ஊளை எழுவது புதிதன்று. ஆரவல்லித் தொடரின் வடகோடியாகிய ரிட்ஜ் காடும் யமுனைக் கரை நாணற்புதர்களும் இன்றும் நரிகளுக்குப் புகலிடமாக உள்ளன.

நரி கண்ட இடத்தில் ஈனுவதில்லை. ஏறத்தாழ 63 நாட் சினைக்குப் பின் ஈன்ற பெண் நரி, சில வாரங்கள் வளையை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாது. ஆண் நரி இரையை விழுங்கி வந்து, வளைவாயிலில் கக்கி ஊட்டும். ஆகவே எலியும் பறவையும் உதிர்ந்த இலந்தைப் பழமும் அருகே கிடைக்குமிடமே மனைக்கு ஏற்றதாகிறது. சில வேளை முன்னீற்றுக் குட்டியும் உடன் தங்கித் தம்பி தங்கையரைப் பேணுவதுண்டு. நம் பழைய கூட்டுக் குடும்பம் போலத்தான்! யமுனைக் கரையில் இரை மிகுதி. ஆயினும் 2023 ஜூலையில் ஆற்றின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டதுபோல் வெள்ளம் வரின் வளைகள் மூழ்கிவிடும்.

இப்பொழுதோ குப்பையும் எச்சிற்சோறும் காட்டோரம் வந்து விழுகின்றன. எளிதிற் கிட்டும் அவ்வுணவு நரியை மதிலோரம் ஈர்க்கிறது. அதனையே நாடித் தெருநாய்க் கூட்டமும் வருகிறது. நாய்கள் நரிக்குட்டிகளைக் கொல்லும், வெறிநோயையும் பரப்பும். நோயுற்ற நரி மனிதரையும் கடிக்கக்கூடும். நம் பிள்ளைகள் விளையாடுவதும் அம்மதிலோரத்திலேயே.

அமாவாசைப் படையலில் மீந்ததை வனமதிலுக்கப்பால் இடுவோர் நம்மவருள்ளும் உளர். காக்கைக்கு மாடியில் வைத்தாலே போதும். அது அங்கேயே வரும்.