உங்களுக்குத் தெரியுமா? கள் மறுநாளே புளிக்கிறது, பீர் ஏன் புளிப்பதில்லை?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் எல்லையைத் தாண்டினால் சித்தூர்த் தென்னந்தோப்புகள். கேரளக் கள்ளுக்கடைகளுக்குப் பெருமளவு கள் இங்கிருந்துதான் போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1987 முதல் கள்ளுக்குத் தடை.

தென்னம்பாளையில் சொட்டும் நீரிலேயே சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் பட்டால் போதும், நுரைத்துவிடும். பீருக்கான பார்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் இருப்பது மாவுச்சத்து. முளைகட்டி, உலர்த்தி, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்தால்தான் தானியத்தின் நொதிகள் அதைச் சர்க்கரையாக்கும். அந்த இனிப்பு நீரைச் சுண்டவைத்த பாகுதான் மால்ட் சாறு. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு திடப்பொருள். பிரிட்டன் 1963இல் வீட்டு பீருக்கான உரிமத்தை நீக்கியது. அமெரிக்கா 1978இல் சட்டம் இயற்றி அனுமதித்தது. அங்கெல்லாம் புதிதாக பீர் வடிப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாகு டப்பாவில்தான் தொடங்குகிறார்கள். முளைகட்டும் வேலையெல்லாம் மிச்சம்!

பாகை நீரில் கரைத்து, ஹாப்ஸ் பூவோடு சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். பூவிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறிக் கசப்பைத் தரும். சுவைக்கு மட்டுமல்ல அது: புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவை அடக்கும், ஆனால் ஈஸ்ட்டை விட்டுவிடும். கலயத்தில் தடவும் சுண்ணாம்போ ஈஸ்ட்டையும் சேர்த்தே தடுத்து, பதநீராகவே நிறுத்திவிடுகிறது. கள்ளுக்கு இரண்டு காவலும் இல்லை.

ஹாப்ஸ் குளிர்நாட்டுக் கொடி; இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டிருக்கிறார்கள். ஆசைப்பட்டு அடுப்பேற்ற வேண்டாம்: உரிமமில்லாமல் வீட்டில் பீர் வடிப்பது கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் குற்றம்.