திருப்பதி: ஒரு பெயரும் அதன் இலக்கணமும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, புத்தூரைக் கடந்தபின் வடமாலபேட்டையை அடைகின்றது. அங்கே சாலையோரம் நின்று நோக்கினால், ஒரே ஊருக்குச் செல்லும் இருவகைப் பேருந்துகள் தென்படும். தமிழ்நாட்டுப் பேருந்தின் பெயர்ப்பலகையில் 'திருப்பதி' என ஐந்தெழுத்து இருக்கும். ஆந்திரப் பேருந்தின் பலகையிலுள்ள தெலுங்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழில் பெயர்த்தெழுதினால் 'திருபதி' என நான்கே எழுத்து வரும். நடுவிலிருந்த 'ப்' எங்கே போயிற்று?

வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வளரும் மாணவர், தமிழ்த் தேர்விலும் 'திருபதி' என்றே எழுதிவிடுவதுண்டு. ஒரு புள்ளியெழுத்துத்தானே என்று தோன்றும். ஆனால் இப்பெயர் எவ்வெச் சொற்களால் ஆனது என்பதைக் காட்டுவதே அப்புள்ளியெழுத்துத்தான்.

திரு + பதி = திருப்பதி. நிலைமொழி 'திரு' உயிரீற்றில் முடிகின்றது. வருமொழி வல்லினமாகிய பகரத்தில் தொடங்குகின்றது. இத்தகைய இடத்தில் வல்லினம் மிகும். திருக்குறள், திருச்செந்தூர் ஆகியவற்றிலும் இதுவே நிகழ்ந்தது. மலை என்பது மெல்லினத்தில் தொடங்குவதால் 'திருமலை' மிகாமல் நின்றது. தெலுங்கில் இவ்விடத்தில் ஒற்று மிகுவதில்லை. திருப்பதிக்கு அருகிலுள்ள திருச்சானூரையும் தெலுங்கர் 'திருசானூரு' என்றே எழுதுவர். எனவே இரண்டு பலகைகளும் பிழையற்றவை; ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதுவதே பிழை.

'பதி' என்பதன் பொருள் யாது? வடமொழியில் அது தலைவனைக் குறிக்கும். அதனால் 'திருமகளின் தலைவன்' என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவாரும் உளர். இறைவனுக்கு அது பொருந்தும், ஊருக்குப் பொருந்துமா? தமிழில் பதி என்பதற்கு ஊர், உறைவிடம் என்னும் பொருள்கள் உண்டு. தாமிரபரணிக் கரையை ஒட்டியமைந்த ஒன்பது திருமால் தலங்களை 'நவதிருப்பதி' என்பர். அங்கே ஒன்பது தலைவர்களைத் தேடுவார் இல்லை. தேடுவது ஒன்பது ஊர்களையே. ஆகவே திருப்பதி என்பதற்குத் 'திருவுடைய ஊர்' என்று பொருள் கொள்வதே தக்கது.

வேற்றுமை உருபு சேரும்போதும் இரு மொழிகளும் வேறு வழியே செல்கின்றன. திருப்பதி + இல் என்பதில் இரண்டு உயிர்கள் சந்திப்பதால், இடையே யகர உடம்படுமெய் தோன்றித் 'திருப்பதியில்' ஆகின்றது. தெலுங்கு உருபாகிய 'லோ' மெய்யில் தொடங்குவதால் 'திருபதிலோ' என நேரே ஒட்டிக்கொள்கின்றது. அவ்வூர்ப் பக்கத்து மலையின் பழம்பெயராகிய வேங்கடமோ இல் உருபு ஏற்கும்போது மகரம் கெட்டு, அத்துச் சாரியை பெற்று 'வேங்கடத்தில்' என வரும். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறுவது இம்மலையையே.

சித்தூரைச் 'சிற்றூர்' என்பதன் திரிபாகக் கொள்வர். சிறுமை + ஊர் என்பதில் 'மை' கெட்டு, றகரம் இரட்டி, உகரம் நீங்கிச் 'சிற்றூர்' ஆயிற்று. பேச்சில் 'காற்று' காத்து ஆவதுபோல், 'சிற்றூர்' சித்தூர் ஆகும். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டினால் பெயர்பெற்ற புத்தூரும் இவ்வாறே புதுமை + ஊர் எனப் பிரியும். புற்று + ஊர் = புற்றூர் என்பதும் பேச்சில் புத்தூர் ஆகக்கூடும் என்பதை மறத்தலாகாது; ஓசையை மட்டும் கேட்டு ஊர்ப்பெயரைப் பிரிப்போர் இவ்விடத்தில் வழுக்கி விழுவர். 'ஊர்' தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் அதுவே 'ஊரு'. ஆனால் தெலுங்கில் புதியதைக் 'கொத்த' என்பர். ஆதலால் தெலுங்கர் புதிய ஊருக்கு இட்ட பெயர் 'கொத்தூரு' என அமைந்தது.

புதிய ஊருக்குப் புதிய ஊர் என்றே பெயரிடுவது உலக வழக்கம். உருசிய நாட்டின் மிகப் பழைய நகரங்களுள் ஒன்றாகிய நோவ்கொரத் என்பதற்கும் 'புதுநகர்' என்பதே பொருள். பெயரிட்டு ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அது புதுநகரே! பழைய உருசிய மொழியில் 'நோவ்கொரத்தில்' என்று சொல்ல வேண்டுமானால், 'நகர்' என்னும் சொல்லோடு 'புதிய' என்னும் அடையும் ஈறு மாறும். இக்காலத்தில் பிற்பகுதி மட்டுமே மாறுகின்றது. தமிழிலோ அடைமொழி உருபு ஏற்பதே இல்லை. 'புத்தூரில்' என இறுதியில் மட்டுமே உருபு நிற்கும்.

இனி, வடமாலபேட்டை என்னும் பெயரையே நோக்குக. தமிழில் ஐகாரத்தில் முடியும் சொற்கள் பல தெலுங்கில் அகரத்தில் முடியும்: தலை - தல, விலை - வெல, திருமலை - திருமல. அவ்வகையில் நமது 'பேட்டை' தெலுங்கில் 'பேட' ஆகும். சைதாப்பேட்டை, இராணிப்பேட்டை என்பவற்றில் பகரம் மிகுந்திருக்க, வடமாலபேட்டையில் அது மிகவில்லை. முற்பகுதியைத் தெலுங்கில் வழங்குமாறே வைத்துக்கொண்டு, பிற்பகுதியை மட்டும் தமிழாக்கி எழுதும் வழக்கம் அது. திருப்பதியில் 'ப்' இட வேண்டும். இங்கே வழக்கிலுள்ளபடி இடாமல் எழுதுக.