மாடி எடுப்பதா, வீடு மாறுவதா?

சென்னையில் நங்கநல்லூர், மடிப்பாக்கம், கொரட்டூர் போன்ற பகுதிகளின் உள்தெருக்களில் அண்ணாந்து பார்த்தால், பல மொட்டை மாடிகளில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். 1980, 90-களில் கையில் இருந்த பணத்துக்குக் கீழ்த்தளத்தை மட்டும் கட்டிக் குடிபோனவர்கள், "பசங்க தலையெடுத்ததும் மேலே எடுத்துக்கலாம்" என்று விட்டுவைத்த கம்பிகள் அவை. பசங்க தலையெடுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் குழந்தைகள் பிறந்துவிட்டன. இரண்டு படுக்கையறைக்குள் மூன்று தலைமுறை நெருக்கியடிக்கிறது. பேசாமல் இதை விற்றுவிட்டுப் பெரிய வீடாகப் போய்விடலாமா என்ற பேச்சு சாப்பாட்டு நேரத்தில் எழுகிறது. அப்பா பதில் சொல்லாமல் கை கழுவப் போகிறார்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் மாதத் தவணையில் தொடங்கி மாதத் தவணையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வீட்டில் குறைவது அறையா, இடமா? அறை குறைந்தால் கட்டிக்கொள்ளலாம். தெருவில் மழைக்கு மழை தண்ணீர் நிற்கிறது, வேலைக்குப் போய்வர தினமும் மூன்று மணி நேரம் பிடிக்கிறது, ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்து என்றால், அதையெல்லாம் எந்தக் கொத்தனாராலும் சரிசெய்ய முடியாது. குறை வீட்டுக்குள் இருக்கிறதா, வாசலுக்கு வெளியே இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

மீதிப் பாதி பணம். வீடு மாறுவதில் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறாமலே கரைந்துபோகும் தொகையைப் பலரும் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் முன்பு 4 சதவீதமாக இருந்தது. 2023 ஏப்ரலில் அதைக் குறைத்தபோது, 2017-ல் குறைக்கப்பட்டிருந்த வழிகாட்டி மதிப்பைப் பழைய அளவுக்கே உயர்த்திவிட்டார்கள். கட்டுநரிடமிருந்து முதன்முறையாக வாங்கும் புதிய அடுக்கக வீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு. 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். அதே வீடு கட்டி முடியாத நிலையில் இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனியாகச் சேரும். விலை 45 லட்சத்துக்குள்ளும் பரப்பு அளவு வரம்புக்குள்ளும் இருந்தால்தான் அது 1 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருக்கும் வீட்டை 70 லட்சத்துக்கு விற்று, ஒரு கோடியே 10 லட்சத்துக்கு மூன்று படுக்கையறை கொண்ட பழைய வீடு ஒன்றை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பதிவு அலுவலகத்துக்கு மட்டும் 9 லட்சத்து 90 ஆயிரம் போகும். விற்பதிலும் வாங்குவதிலும் தரகு ஒரு சதவீதம் என்றாலே இன்னொரு 1 லட்சத்து 80 ஆயிரம். இதற்கு வங்கிக் கடனும் கிடைக்காது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கணக்கிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, இந்தப் பன்னிரண்டு லட்சத்துக்கு பி.எஃப். பணத்தில் கைவைக்க வேண்டும், இல்லையென்றால் நகை அடகுக்குப் போக வேண்டும். விலை வித்தியாசமான 40 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் தவணை மாதம் சுமார் 34,700 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 83 லட்சம் போயிருக்கும்.

இருக்கும் வீட்டின் மேல் 700 சதுர அடி எடுப்பதானால்? சென்னையில் ஒப்பந்தக்காரர்கள் சதுர அடிக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை சொல்கிறார்கள். 2,500 என்று வைத்தால் பதினேழரை லட்சம். வெளிப்படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, தனி மின் இணைப்பு எல்லாம் சேர்ந்து இருபதைத் தொடும். சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பது சிறு ஆறுதல். அங்கே பதிவுக்கும் தரகுக்கும் போகிற தொகையில், இங்கே பாதி மாடி எழுந்துவிடும். அறை மட்டுமே குறை என்றிருக்கும் தனி வீட்டுக்காரர்கள் விற்கும் பேச்சை எடுக்குமுன் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

விற்பது என்றே முடிவானால் வருமான வரி பற்றி அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டியதில்லை. வீட்டை விற்ற லாபத்தைப் புது வீட்டில் போடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்க வேண்டும். கட்டுவதானால் மூன்று ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடானால் அந்தத் தேதியின் மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம். இடையில் அறை சேர்த்த செலவையும் கழித்துக்கொள்ளலாம், ரசீது இருந்தால். மேஸ்திரிக்குக் கையில் எண்ணிக் கொடுத்த பணத்துக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை.

மாடி எடுக்கும் முடிவு மாடியில் எடுக்கப்படுவதில்லை. வீட்டின் ஒரு மூலையில், தூணை ஒட்டிக் குழி எடுத்து, அடி வரை மண்ணை விலக்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அடித்தளக் கான்கிரீட்டின் அகலம் என்ன, ஆழம் என்ன, அது உட்கார்ந்திருப்பது மணலிலா களிமண்ணிலா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஏரியை ஒட்டி உருவான குடியிருப்புகளில் களிமண் மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கும். கீழ்த்தளச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால், பூசி மறைப்பதற்கு முன் அதன் காரணத்தைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டுவிட வேண்டும்.

தூணே இல்லாமல் ஒன்பது இன்ச் சுவரின் மேல் தளம் போட்ட வீடுகளும் ஏராளம். அவற்றிலும் அஸ்திவாரம் தாங்குமானால் ஒரு மாடி எடுக்கலாம். மேல் சுவர் கீழ் சுவரின் தலையிலேயே வர வேண்டும். கீழே கூடம் இருக்கும் இடத்தில் மேலே இரண்டு அறையாகத் தடுக்க ஆசைப்பட்டால் அந்தச் சுவரின் பாரம் தளத்தில் இறங்கும். செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள ஏ.ஏ.சி. எனப்படும் இலகு கான்கிரீட் கற்கள் இங்கே நன்றாகக் கைகொடுக்கின்றன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் வேறு வகை. தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்பில் சாய்த்து அடுக்கிய அந்தக் கூரையின் மேல் இன்னொரு தளம் என்ற நினைப்பே வேண்டாம்.

இனி அந்த நீட்டிய கம்பிகள். முப்பது ஆண்டு வெயிலிலும் மழையிலும், கடற்கரைப் பக்கமானால் உப்புக் காற்றிலும் நின்றவை. விரலால் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிரும். சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்தபின் அளந்து பார்த்தால் 12 மில்லிமீட்டர் கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரியும். புதுக் கம்பியைப் பழையதோடு இணைக்க, கம்பியின் விட்டத்தைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு நீளம் ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். 12 மில்லிமீட்டருக்கு இரண்டு அடி. நல்ல இரும்பு அத்தனை நீளம் மிஞ்சவில்லை என்றால் தூண் தலையை உடைத்து உள்ளே இருக்கும் துருப்பிடிக்காத பகுதியை வெளியே எடுக்க வேண்டும், அல்லது துளையிட்டு ரசாயனப் பசையில் புதுக் கம்பியை ஊன்ற வேண்டும். "சிமெண்ட் பால் அடிச்சிட்டுக் கட்டிடலாம் சார்" என்கிற மேஸ்திரியின் வார்த்தையை இந்த இடத்தில் கேட்கக் கூடாது. தூணின் கான்கிரீட் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சுத்தியல் சோதனையும் ஒலி அலைச் சோதனையும் சொல்லிவிடும்.

வேலையைத் தொடங்கும் காலமும் முக்கியம். பழைய மொட்டை மாடியின் தட்டோட்டையும் அதன் கீழுள்ள செங்கல் ஜல்லிக் கலவையையும் பெயர்த்தெடுத்தால்தான் மேலே கட்ட முடியும். பெயர்த்த நாளிலிருந்து புதுத் தளம் போடும் வரை கீழ்வீட்டுக்குக் கூரைப் பாதுகாப்பு குறைவு. தை பிறந்ததும் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேல்தளம் போட்டுவிடலாம். ஆவணியில் தொடங்கி ஐப்பசியில் அகப்பட்டுக்கொண்டவர்களின் படுக்கையறையில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும்.

காகிதங்களின் அஸ்திவாரமும் உண்டு. 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரணக் குடியிருப்புக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,400 சதுர அடி வரை போகலாம். சுற்றிலும் விட வேண்டிய இடம் போக நடைமுறையில் கிடைப்பது அதைவிடக் குறையலாம். பழைய வரைபட அனுமதி, மூலப் பத்திரம், பட்டா மூன்றும் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புறநகர்களில் பல மனைகள் அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளில் வாங்கப்பட்டவை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு வழி செய்தது. அதைச் செய்யாமல் விட்டவர்கள் அனுமதியிலும் வங்கியிலும் முட்டிக்கொள்வார்கள். பழைய வீட்டை இடித்துவிட்டே கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை வசதி. மனை 2,500 சதுர அடிக்கும் கட்டடம் 3,500 சதுர அடிக்கும் மிகாமல், தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ என்றால், அலுவலகம் அலுவலகமாக அலையாமல் இணையத்திலேயே அனுமதி கிடைக்கும்.

இவற்றையெல்லாம்விடக் கூர்மையான சிக்கல் குடும்பத்துக்குள் இருக்கிறது. மனை அப்பா பேரில். மாடி கட்டப்போவது மூத்த மகன் பணத்தில். இந்துக் குடும்பமானால், அப்பா உயில் எழுதாமல் காலமாகும்போது அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும், கல்யாணமாகிப் போன மகளுக்கும் சேர்த்து, சமபங்கு. இருபது லட்சம் போட்டவர் ரசீதுகளோடு நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டியிருக்கும். எல்லோரும் முகம் கொடுத்துப் பேசும் காலத்திலேயே, யாருக்கு எந்தத் தளம் என்பதை எழுதிப் பதிவு செய்துவிடுவது உத்தமம். அதற்குக் கிரயப் பத்திரத்தைப் போல 9 சதவீதம் தேவையில்லை. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. எழுதிக் கொடுக்கும் பெற்றோர், தங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே தக்கவைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் நல்லவர்களாக இருந்தாலும் அந்த ஒரு வரி இருக்கட்டும்.

வெள்ளம் வரும் வீடுகளுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது. 2015 டிசம்பரில் சென்னையை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மழை இல்லாத காலத்திலும் பல தெருக்களில் வேறொரு சிக்கல். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, வாசற்படி பள்ளத்துக்குப் போய்விட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்கு முன்பே தாழ்ந்துவிட்ட வீடுகளுக்கு ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை வந்தது. ஹரியானாவிலிருந்து வந்த குழுக்கள் சென்னையில் இதைப் பரவலாகச் செய்திருக்கின்றன. சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை நிறுத்துகிறார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லா ஜாக்கிகளும் ஒரே அளவு திருகப்படுகின்றன. வீடு மயிரிழை மயிரிழையாக எழும்புகிறது. தேவையான உயரம் வந்ததும் இடைவெளியில் புதுச் சுவர் கட்டி நிரப்புகிறார்கள். சாலை இரண்டடி உயர்ந்ததுதான் சிக்கல் என்றால், திடமான வீட்டுக்கு இது பொருந்தும். ஆறோ ஏரியோ வழிந்து ஆளுயரம் வரும் இடத்தில், தூக்குவதற்கும் மாடி எடுப்பதற்கும் செலவிடும் பணத்தை விற்று வெளியேறுவதற்குப் பயன்படுத்துவதே சரி.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு மேலே கட்டும் வழியே இல்லை. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. மேல்தள வீட்டுக்காரருக்கும் அது சொந்தமில்லை. வீட்டுக்குள் நாலரை இன்ச் தடுப்புச் சுவரை எடுத்துக் கூடத்தைப் பெரிதாக்கலாம், அதுவும் பொறியாளர் பார்த்தபின். பழைய கட்டடமானால் இங்கே மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து இடித்து, கட்டுநரோடு கூட்டாகப் புதிதாகக் கட்டுவது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது. எட்டு வீட்டில் ஒருவர் முரண்டு பிடித்தால் மீதி ஏழு பேரும் ஒழுகும் கூரையின் கீழ் காத்திருக்க வேண்டிய நிலை இதனால் மாறியிருக்கிறது.

இப்படிச் சேர்ந்து கட்டும்போது கட்டுநரோடு பேரம் பேச வேண்டியது யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கைப் பற்றி. எட்டு வீடு இருந்த மனையில் பதினாறு வீடு எழுந்தால் ஒவ்வொருவரின் பங்கும் சுருங்கும். அதற்கு ஈடாகத்தான் கூடுதல் சதுர அடி கிடைக்கிறது. கட்டி முடியும் வரை வாடகையைக் கட்டுநர் எத்தனை மாதம் தருவார், தாமதமானால் எவ்வளவு தருவார், புது வீட்டில் யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்தாகும் வரை சாவியைக் கொடுக்கக் கூடாது.